பிள்ளை வீடியோ பார்த்துப் படிக்கிறான்: எதை நம்பலாம்?

சாவகச்சேரியில் இருந்து ஒரு தகப்பன் கேட்டிருக்கிறார். மகன் தரம் 10, மகள் தரம் 8. இரண்டு பேரும் பின்னேரங்களில் போனில் வரலாறு, விஞ்ஞானம், தமிழ் என்று பாட வீடியோக்கள் பார்க்கிறார்கள். "நான் சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவன். எது சரி, எது பிழை என்று எனக்கு எப்படித் தெரியும்? நல்ல சனல் நாலைந்தின் பேரைச் சொன்னால் ரியூசனை நிறுத்திவிடலாமா?" என்பது அவருடைய கேள்வி.

சனல் பேர் கேட்பதுபோல இருந்தாலும், பாடம் தெரியாத பெற்றோர் பாட வீடியோவை எப்படி எடைபோடுவது என்பதைத்தான் அவர் கேட்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் கிடைத்தால் சனல் பேர் தேவைப்படாது. ஒரே சனலில் ஒரு பாடம் அருமையாகவும் அடுத்தது அரைகுறையாகவும் வருவதை நிறையப் பார்த்துவிட்டேன். பேர் தந்தால் இரண்டையும் சேர்த்துத் தந்ததாகிவிடும். வலிகாமத்திலும் வடமராட்சியிலும் விஞ்ஞானம் படிப்பித்து, கடைசிக் காலத்தில் ஆசிரிய ஆலோசகராக இருந்து இளைப்பாறியவன் நான். விஞ்ஞானத்தில் சொல்வதை அடித்துச் சொல்வேன். வரலாற்றிலும் இலக்கியத்திலும் நான் நெடுநாள் வாசகன் மட்டுமே. அங்கே சொல்வதைப் பிள்ளைகளின் ஆசிரியர்களிடமும் ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.

மூன்று பாடத்துக்கும் பொதுவான ஒன்றை முதலில் சொல்கிறேன். வீடியோ முடிந்ததும் பிள்ளை "விளங்கிட்டுது" என்று சொல்வதை அத்தாட்சியாக எடுக்காதீர்கள். அவன் பொய் சொல்லவில்லை. விளங்கியது போலத்தான் அவனுக்கு இருக்கும். சிட்னி பல்கலைக்கழகத்தில் டெரெக் முல்லர் என்பவர் 2008இல் முடித்த கலாநிதிப் பட்ட ஆய்வு இதைப் பற்றியது. பௌதிகவியலைத் தெளிவாக, நேராக விளக்கிய வீடியோக்களைப் பார்த்த மாணவர்கள் அவை சுலபமாக விளங்கின என்றார்கள். ஆனால் பிறகு வைத்த சோதனையில் பெரிய முன்னேற்றம் இல்லை. மாணவர்களுக்கு வழக்கமாக வரும் பிழையான எண்ணத்தை முதலில் பேசவிட்டு, பிறகு அதைத் திருத்திய வீடியோக்களைப் பார்த்தவர்கள் "குழப்பமாக இருந்தது" என்றார்கள். புள்ளி அவர்களுக்குத்தான் கூடியது. ஆகவே இனிக்க இனிக்கப் போகும் வீடியோவை விட, "நீங்கள் இப்படித்தானே நினைக்கிறீர்கள்? அது ஏன் பிழை தெரியுமா?" என்று இடைமறிக்கும் வீடியோவுக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

அமெரிக்காவில் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனையும் இங்கே உதவும். ஒரு பந்தியை மறுபடி வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். வாசித்ததை மூடிவைத்து நினைவில் இருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு கிழமை கழித்து முந்தினார்கள். அது அச்சிட்ட பந்திகளை வைத்து நடந்த சோதனை. வீடியோவுக்கும் பொருந்தும் என்பது என் அனுமானம். வகுப்பறையில் நான் கண்டதும் அதோடு ஒத்துப்போகிறது. நீங்கள் செய்யக்கூடிய வேலை இதில்தான் இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு மேல் ஓடவிடாமல் நிறுத்தச் சொல்லுங்கள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பார்த்ததைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். பிறகு பாடப்புத்தகத்தைத் திறந்து, எழுதியதை அதோடு ஒப்பிடட்டும். பக்கத்தில் இருந்து பார்க்க உங்களுக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எழுதியிருப்பது ஒன்றாகவும் புத்தகத்தில் இருப்பது வேறொன்றாகவும் இருந்தால் உங்கள் கண்ணுக்கே தெரியும். புத்தகம் கிழிந்து போயிருந்தால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாகத் தரவிறக்கலாம்.

இனி விஞ்ஞானம். தமிழில் கிடைக்கும் விஞ்ஞான வீடியோக்களில் பெரும்பங்கு தமிழ்நாட்டில் இருந்து வருகிறது. அவற்றில் திறமான ஆசிரியர்கள் இருக்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களுடைய கலைச்சொல்லும் எங்கள் பரீட்சையின் கலைச்சொல்லும் வேறு. அங்கே ஆக்சிஜன், இங்கே ஒட்சிசன். அங்கே தனிமம், இங்கே மூலகம். அங்கே திசு, இங்கே இழையம். அங்கே வேதிவினை, இங்கே இரசாயனத் தாக்கம். இவை அவ்வளவு ஆபத்தில்லை. சொல் புதிதாக இருப்பதால் பிள்ளை நின்று யோசிப்பான். இரு பக்கமும் ஒரே சொல்லை வேறு பொருளில் ஆளும் இடத்தில்தான் பிள்ளை விழுவான். பெரிய பள்ளம் 'வேகம்'. தமிழ்நாட்டுப் பாடத்தில் வேகம் என்றால் திசை பாராமல், எவ்வளவு விரைவு என்ற அளவு மட்டும். திசையோடு சேர்ந்தால் அதைத் திசைவேகம் என்பார்கள். எங்கள் புத்தகத்தில் முதலாவதற்குப் பெயர் கதி, இரண்டாவதுதான் வேகம். ஒரு பொருள் வட்டப் பாதையில் சீராகச் சுற்றுகிறது என்று வையுங்கள். "அதன் வேகம் மாறவில்லை" என்று மதுரை ஆசிரியர் சொன்னால் அவருடைய பாடத்தில் அது முழுச்சரி. உங்கள் மகன் அதையே சாதாரண தர விடைத்தாளில் எழுதினால் பிழை, ஏனென்றால் திசை மாறிக்கொண்டே இருப்பதால் எங்கள் கணக்கில் வேகம் மாறுகிறது, கதிதான் மாறவில்லை. அவர்களின் முடுக்கம் எங்களுக்கு ஆர்முடுகல் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவையுங்கள். கொப்பியின் கடைசி ஒற்றையில் இரண்டு நிரல் போட்டு, வீடியோவில் கேட்ட சொல்லையும் புத்தகத்துச் சொல்லையும் எழுதிக்கொண்டு வந்தால் ஒரு தவணைக்குள் இந்தத் தொல்லை தீரும். மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேற்கத்திய மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்து நூல்களும் ஆக்கியது 19ஆம் நூற்றாண்டில். எந்தச் சொல்லை வைப்பது என்ற சண்டை எங்களுக்கு அவ்வளவு பழசு.

சொல்லை விட்டுவிட்டு உள்ளடக்கத்துக்கு வந்தால், திரும்பத் திரும்ப நான் காணும் பிழைகள் சில உண்டு. உடலில் ஓடும் இரத்தத்தைச் சிவப்பும் நீலமுமாகக் காட்டும் அசைபடங்கள் முதலாவது. ஒட்சிசன் குறைந்த இரத்தத்தை வேறுபடுத்திக் காட்டத்தான் நீலம் தீட்டுகிறார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் நாளத்தில் நீல இரத்தம் ஓடுகிறது என்றே பிள்ளை நம்பும். உண்மையில் அது கருஞ்சிவப்பு. நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று பங்குபோட்டுக் காட்டும் படமும் இன்னும் உலாவுகிறது. அது எப்போதோ தள்ளுபடியான கதை. நாக்கில் சுவை அரும்பு உள்ள பகுதிகள் எல்லாம் எல்லாச் சுவையையும் அறியும்.

மூன்றாவது கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியது, ஏனென்றால் உங்கள் குசினியிலேயே செய்து பார்க்கலாம். தட்டில் நீர் ஊற்றி, நடுவில் மெழுகுதிரி ஏற்றி, மேலே ஒரு கண்ணாடிக் கிளாசைக் கவிழ்க்கிறார்கள். திரி அணைகிறது, நீர் கிளாசுக்குள் ஏறுகிறது. "பாருங்கள், வளியில் இருந்த ஐந்தில் ஒரு பங்கு ஒட்சிசன் எரிந்து தீர்ந்தது, அந்த இடத்துக்கு நீர் வந்தது" என்று முடிக்கிறார்கள். கேட்க வடிவாக இருக்கிறது, ஆனால் விளக்கம் பிழை. மெழுகு ஒட்சிசனோடு சேர்ந்து எரியும்போது காபனீரொட்சைட்டும் நீராவியும் உண்டாகின்றன, வெற்றிடம் உண்டாவதில்லை. திரி அணையும்போது ஒட்சிசன் முழுக்கத் தீர்ந்திருப்பதும் இல்லை. நடப்பது இதுதான்: சுடரின் வெப்பத்தால் கிளாசுக்குள் உள்ள வளி விரிந்து ஒரு பகுதி வெளியே போய்விடுகிறது. சுடர் அணைந்ததும் எஞ்சிய வளி குளிர்ந்து சுருங்குகிறது. வெளியில் உள்ள வளியமுக்கம் நீரை உள்ளே தள்ளுகிறது. இதை நம்பச் சொல்லவில்லை, பார்க்கச் சொல்லுங்கள். நீர் எப்போது ஏறுகிறது என்று மகள் கவனிக்கட்டும்: எரியும்போது ஏறுவது கொஞ்சம், அணைந்த பிறகே விறுவிறென்று ஏறும். அடுத்து, அதே கிளாசுக்குள் மூன்று மெழுகுதிரி வைக்கட்டும். கிளாசில் இருக்கும் ஒட்சிசன் அதே அளவுதான், ஆனால் நீர் முன்னதை விட உயரும். ஒட்சிசன் தீர்வதுதான் காரணம் என்றால் அப்படி நடக்கக் கூடாது. ஒரு விஞ்ஞான வீடியோ சொல்வதை வீட்டில் மாற்றிச் செய்து பார்க்க இடமிருந்தால், சனல் எதுவாக இருந்தாலும் அந்த வீடியோ பயன்படும்.

பிழையே இல்லாமல் எங்கள் ஊருக்குப் பொருந்தாத வீடியோக்களும் உண்டு. நீர் வட்டத்தை எடுங்கள். மலையில் மழை பெய்து, ஆறாக ஓடி, கடலில் சேர்வதாகத்தான் எல்லா அசைபடமும் காட்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையும் இல்லை, வற்றாத ஆறும் இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். இங்கே மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின் மேல் நன்னீர்ப் படையாக மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே ஏறுவது அதனால்தான். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்தில் உப்பாகவும் இருப்பதை இதற்குச் சாட்சியாகக் காட்டலாம். வீடியோவைப் பார்த்துவிட்டு "எங்கள் கிணற்றுக்குத் தண்ணீர் எப்படி வருகிறது?" என்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டால் போதும், பாடம் ஊருக்குள் வந்துவிடும். சூரியனும் அப்படித்தான். வெளிநாட்டு வீடியோக்களில் சூரியன் தலைக்கு நேரே வருவதே இல்லை. யாழ்ப்பாணத்தில் வருடத்தில் இரண்டு முறை வருகிறது. ஒன்று சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி, ஏப்ரல் 15 அளவில். மற்றது ஆகஸ்ட் கடைசியில். ஏப்ரலில் பகல் 12.10 அளவில் முற்றத்தில் ஒரு தடியை நிமிர்த்தி நட்டால் நிழல் அடியோடு மறைந்துவிடும். எந்த அசைபடமும் அதற்கு ஈடாகாது.

வரலாற்றுக்கு வந்தால் நிலைமை வேறு. விஞ்ஞானத்தில் செய்து பார்க்கலாம்; யாழ்ப்பாணத்தை ஆண்ட அரசன் சங்கிலியைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது. ஆகவே வீடியோவிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது உனக்கு எப்படித் தெரியும்? தரம் 10 வரலாற்றுப் புத்தகமே மூலாதாரங்களில்தான் தொடங்குகிறது. கல்வெட்டு, நாணயம், அகழ்வு, ஏடு, அயலவர் குறிப்பு இவற்றில் எதையாவது காட்டியோ பெயர் சொல்லியோ பேசும் வீடியோவைப் பார்க்கலாம். "வரலாறு மறைத்த உண்மை" என்று தலைப்புப் போட்டுவிட்டு, உறுமி இசையோடு கற்பனைப் படங்களை மட்டும் ஓட்டினால் அதைப் பொழுதுபோக்குக் கணக்கில் வையுங்கள். இப்போது கணினியே அரசர்களின் முகத்தை வரைந்து தருகிறது. சங்கிலியின் காலத்தில் வரைந்த அவனுடைய உருவப்படம் எதுவும் எங்களிடம் இல்லை. நல்லூர் முத்திரைச்சந்தியில் நிற்கும் சிலையும் பிற்காலக் கற்பனைதான். சிலை வைத்தது பிழை என்று சொல்லவில்லை. அதை அவனுடைய சாயல் என்று பிள்ளை எடுத்துக்கொள்ளக் கூடாது.

சங்கிலியிலேயே இன்னொரு குழப்பமும் உண்டு. அந்தப் பேரில் இரண்டு அரசர்கள். முதலாம் சங்கிலி 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்டவன். 1544இல் மன்னாரில் கத்தோலிக்கராக மதம் மாறியவர்களைக் கொல்வித்தவன் அவன். 1560இல் கோவாவில் இருந்து போர்த்துக்கேய இராசப்பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு டி பிறகன்சா படையோடு வந்தது அவன் மேல்தான். மற்றவன் சங்கிலி குமாரன், 1617இல் ஆட்சியைப் பிடித்தவன். 1619இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேறாவின் படையிடம் தோற்றுப் பிடிபட்டு, கோவாவுக்குக் கொண்டுபோய் 1623இல் கொல்லப்பட்டவன். இருவருக்கும் நடுவே அரை நூற்றாண்டுக்கு மேல் இருக்கிறது. பல வீடியோக்கள் இருவரையும் ஒருவராக்கி, மன்னாரில் தொடங்கிக் கோவாவில் முடிக்கின்றன. ஒரு வீடியோ கவனமானதா என்று சோதிக்க உங்களுக்கு ஒரு உரைகல் வேண்டுமென்றால், சங்கிலி வீடியோவை எடுத்து ஆண்டுகளைக் குறித்துப் பாருங்கள். 1544இல் ஆண்டவனை 1623இல் கொல்ல முடியாது என்பதைத் தரம் 8 பிள்ளையே கண்டுபிடிப்பாள்.

உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்துச் சொல்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். ஆனைக்கோட்டையில் 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது பெருங்கற்காலப் புதைகுழியில் ஒரு முத்திரை கிடைத்தது. ஒரு வரியில் குறியீடுகள், மற்ற வரியில் பிராமி எழுத்து. இவ்வளவும் உறுதி. பிராமி வரியை 'கோவேத' என்று வாசிப்பது பரவலாக ஏற்கப்பட்ட வாசிப்பு. அது ஒரு தலைவனின் பெயரா, அவன் ஆண்ட நிலம் எவ்வளவு என்பதெல்லாம் அறிஞர்களின் ஊகம். ஊகம் என்பதால் மட்டம் அல்ல; ஊகம் என்று சொல்லிவிட்டுப் பேச வேண்டும். யாழ் வாசித்துப் பரிசாக மணற்றிடல் என்ற நிலத்தைப் பெற்ற பாணனின் கதையும் அப்படி. அது மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலையில் இருக்கிறது. அந்த நூல் ஒல்லாந்தர் காலத்தது. தான் சொல்லும் சம்பவத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. ஊர்ப்பெயருக்குக் காரணம் சொல்லும் மரபுக் கதையாக அதைச் சொல்லிக்கொடுக்கலாம். நடந்ததென்று ஆண்டு போட்டுச் சொல்லும் வீடியோவைத் தள்ளிவிடுங்கள்.

வீடியோ நிச்சயமாக வெல்லும் இடம் ஒன்று வரலாற்றில் உண்டு, அது வரைபடம். போர்த்துக்கேயர் சதுரமாகக் கட்டிய யாழ்ப்பாணக் கோட்டையை, 1658இல் பிடித்த ஒல்லாந்தர் பிறகு ஐங்கோணமாகத் திருப்பிக் கட்டினார்கள். வாசலில் நின்று பார்த்தால் அந்த வடிவம் பிடிபடாது. செய்மதிப் படத்தில் ஒரு பார்வையில் தெரியும்: ஐந்து மூலையிலும் முன்தள்ளிய கொத்தளங்கள், ஒன்றில் நிற்பவன் மற்றதன் சுவரைக் காக்கக்கூடிய அமைப்பு. அதைப் பார்த்துவிட்டு ஒரு ஞாயிறு பின்னேரம் பிள்ளைகளைக் கோட்டை மதிலில் ஏற்றி நடக்க விடுங்கள்.

இலக்கியத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். செய்யுளுக்குப் பொருள் சொல்லும் வீடியோக்கள் பெரும்பாலும் உரைநூலை வாய்விட்டு வாசிப்பவைதான். பிள்ளை அந்தப் பொருளைப் பாடமாக்கி, பாட்டைத் தொடாமலே புள்ளி எடுக்கப் பழகிவிடும். அதனால் முறையை மாற்றுங்கள்: முதலில் செய்யுளைச் சொல் பிரித்துத் தானே இரண்டு முறை உரத்து வாசிக்கட்டும், பிறகு வீடியோ. நல்ல ஓசையோடு பாடிக் காட்டும் வீடியோ கிடைத்தால் அதை விடாதீர்கள். வெண்பாவின் ஓசையை இலக்கண வாய்பாடு காதுக்குத் தராது. நாடகப் பாட்டும் அப்படித்தான். நாடகக் கலைஞர் வி. வி. வைரமுத்து நடித்துப் பேர்பெற்ற அரிச்சந்திர மயானகாண்டத்தை எழுத்தில் மட்டும் படித்த பிள்ளைக்கு அது நீளமான புலம்பல். ஆர்மோனியத்தோடும் மிருதங்கத்தோடும் கேட்ட பிள்ளைக்கு, ஊர்ச்சனம் விடியவிடிய ஏன் குந்தியிருந்தது என்று விளங்கும். இலக்கிய வரலாற்று வீடியோக்களில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஏட்டுச்சுவடிகள் அச்சேறிய கதையைச் சொல்லும்போது 1887இல் உ. வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணி வந்ததைச் சொல்வார்கள். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அதே ஆண்டில் கலித்தொகையை அச்சிட்டதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எங்கள் பக்கத்து வீடியோக்களில் எதிர்ப்பக்கத்துப் பிழை. சங்கப் புலவர் ஈழத்துப் பூதன்தேவனார் யாழ்ப்பாணத்தார் என்று முடிவாகச் சொல்கிறார்கள். அந்தப் பெயர் சங்கத் தொகை நூல்களில் இருப்பது உறுதி; ஈழத்தவர் என்பது பெயரில் இருந்து எடுக்கும் ஊகம், நியாயமான ஊகம்; யாழ்ப்பாணம் என்பதற்கு அதில் ஒரு சொல்லும் இல்லை.

கடைசியாக ரியூசன். 2020இல் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தபோது தொலைக்காட்சியிலும் போனிலும்தான் பாடம் நடந்தது. அந்தக் காலத்தில் தானாகப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் தப்பினார்கள், கொப்பியைப் பார்த்துத் திருத்த ஆள் வேண்டிய பிள்ளைகள் பின்தங்கினார்கள் என்பது என் அவதானிப்பு, ஆய்வு அல்ல. வீடியோவுக்கு உங்கள் மகனின் கொப்பி தெரியாது. ஆகவே கணிதத்துக்கும், கணக்கு வரும் விஞ்ஞான அலகுகளுக்கும் இப்போது நிறுத்த வேண்டாம். எந்த வரியில் பிழைத்தான் என்று காட்ட ஒரு மனிதர் வேண்டும். வரலாற்று ரியூசனை ஒரு தவணைக்கு நிறுத்திப் பார்க்கலாம். புத்தகம், கடந்தகால வினாத்தாள், மேலே சொன்ன மாதிரி நிறுத்தி எழுதும் வீடியோ, இந்த மூன்றும் அதற்குப் போதும். தவணைப் பரீட்சையில் புள்ளி விழுந்தால் அடுத்த தவணைக்குத் திரும்பச் சேர்த்துவிடுங்கள். மகள் தரம் 8தானே, அவளுக்கு அவசரமில்லை. தமிழுக்கு இரண்டு பேருக்குமே ரியூசன் தேவையென்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் கட்டுரை எழுதினால் வாசித்துத் திருத்த ஒருவர் வேண்டும். அதைப் பள்ளிக்கூடத்துத் தமிழ் ரீச்சரிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் மறுக்க மாட்டார்கள்.